கேட்கப் போய்க் கேட்காமல் வந்தோம்: பெரிய கொடையின் மனக்கணக்கு

2023 ஓகஸ்டில் ஒரு பின்னேரம் திருகோணமலையின் உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தேன். என்னோடு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் வந்திருந்தார். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கப் போயிருந்தோம். குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறைத் தொகுதி கட்ட வேண்டியிருந்தது. இருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்றுக்குக் கதவு இல்லை, மற்றதற்குத் தண்ணீர் இல்லை. அதற்குப் பெரிய தொகை ஒன்று கேட்பதுதான் போன காரியம்.

வீட்டுக்கார மாமா நல்ல மனிதர். நிலாவெளிக் கடல் எவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது என்று கதைத்தோம். பாரை மீன் விலை, துறைமுகத்தில் முன்பு வேலை செய்தவர்கள், யார் யார் செத்துப் போனார்கள், எல்லாம் கதைத்தோம். அன்ரி தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். கேட்க வந்த கதை மட்டும் வரவில்லை. படலை வரைக்கும் வந்து வழியனுப்பிய மாமா, "தம்பி, ஏதும் விசேஷமா வந்தீங்களோ?" என்று கேட்டார். அதிபர் சேர் உடனே, "சீச்சீ, சும்மா பார்த்திட்டுப் போகலாம் எண்டு" என்றார். நானும் தலையாட்டினேன்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பின்னேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெரிய நன்கொடைகள் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், "வெளிநாட்டுக்காரருக்கு முந்திய மாதிரி ஊர்ப்பற்று இல்லை" என்று நம்மூரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் கண்ட அளவில், பாதிக்கு மேற்பட்ட நேரம் அவர்களிடம் யாருமே கேட்கவில்லை. கேட்டவர்களும் எதற்கு, எவ்வளவு, எப்போதைக்கு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2008இல் பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதை எளிய முறையில் அளந்து பார்த்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம், "முன்பின் தெரியாத ஐந்து பேரைக் கேட்டு இந்த வினாக்கொத்தை நிரப்பிக்கொண்டு வாருங்கள். அதற்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டிவரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 20 பேர் அளவில் என்றார்கள் மாணவர்கள். உண்மையில் 10 பேர் அளவில் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. கேட்கப் போகிறவர் தன் மனதுக்குள், "இல்லை" என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு உள்ள காரணங்களையே எண்ணிக்கொண்டிருக்கிறார். முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

சரி, அப்படியென்றால் துணிந்து கேட்டால் போதுமா? அதுவும் இல்லை. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளியலாளரும் சகாக்களும் அமெரிக்காவின் பொஸ்டன் பக்கத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட் வாசலில் செய்த பரிசோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நத்தார் காலத்தில் சால்வேஷன் ஆமி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் உண்டியலோடு மணியடிப்பவரை ஒரு வாசலில் நிறுத்தினார்கள். சில நேரம் அவர் பேசாமல் நின்றார், சில நேரம் "தயவுசெய்து கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டார். வாய்விட்டுக் கேட்டபோது காசு கூடுதலாக விழுந்தது. அதே நேரம், அந்த வாசலைத் தவிர்த்து மற்ற வாசலால் போனவர்களின் தொகையும் கூடியது. கேட்டால் கொடுத்துவிடுவோம் என்று தெரிந்தவர்தான் கேட்கும் இடத்துக்கு வராமல் இருக்கிறார்.

திருகோணமலையில் இந்த மற்ற வாசல் எது என்று நமக்கெல்லாம் தெரியும். வந்திருப்பதை ஒருவருக்கும் சொல்லாமல் நிலாவெளியில் ஹோட்டல் எடுத்து நான்கு நாள் நின்றுவிட்டு, கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவது. அவர்களில் பலரை எனக்குத் தெரியும், கல்நெஞ்சக்காரர் ஒருவரும் இல்லை. ஒரே வாரத்தில் மூன்று கோயில் திருப்பணிச் சபை, இரண்டு பழைய மாணவர் சங்கம், ஒரு விளையாட்டுக் கழகம் என்று வரிசையில் வந்து நின்றதால் களைத்துப்போனவர்கள். ஒவ்வொரு சபையும் அரைகுறையாகக் கேட்டு, அரைகுறையாக வாங்கி, கணக்குச் சொல்லாமல் விட்டதன் விளைவு அது.

உண்டியலில் போடும் காசும் பெரிய கொடையும் ஒரே மனநிலையில் பிறப்பவை அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். உண்டியல் காசு ஒரு கணத்தின் உணர்ச்சி. கொடுத்ததும் மனதுக்குள் ஒரு சூடு பரவுகிறது. 1990இல் ஆண்ட்ரியோனி இதைப் பொருளியல் கோட்பாடாகவே எழுதினார்: மற்றவர் நன்மைக்காக மட்டும் மனிதன் கொடுப்பதில்லை, கொடுக்கும் செயல் தரும் நிறைவுக்காகவும் கொடுக்கிறான். 100 ரூபாவுக்கு அந்தச் சூடு போதும். 25 லட்சத்துக்குப் போதாது. பெரிய தொகை மாதச் சம்பளத்திலிருந்து வருவதில்லை. வீடு விற்ற காசு, ஓய்வூதியத்தின் மொத்தத் தொகை, கடை கைமாறிய காசு, செத்துப்போன அண்ணன் விட்டுப்போன பங்கு, இப்படித்தான் வருகிறது. அதில் மனைவிக்குக் கதை உண்டு, பிள்ளைகளுக்கும் கதை உண்டு. முடிவெடுக்க மாதக்கணக்கு ஆகும். விறாந்தையில் ஒரு பின்னேரத்தில் முடிகிற காரியமல்ல.

அப்படிப்பட்ட தொகையைக் கொடுக்கும்போது மனிதர் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிறார். நான் எங்கிருந்து வந்தேன், யார் என்னைப் படிப்பித்தார்கள், அம்மாவின் பெயர் எங்கே நிற்கும்? அதனால்தான் அறுபதாம் கலியாணம், ஓய்வுபெறும் வருஷம், பெற்றோரின் முதலாம் ஆண்டுத் திவசம் ஆகிய காலங்களில் பெரிய கொடைகள் பிறக்கின்றன. இந்த நேரங்களைப் பார்த்துப் பாய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துக்க வீட்டில் மதிப்பீட்டுப் பத்திரத்தை நீட்டுவது பாவம். அந்த நேரத்தில் அந்த மனிதர் தானாகவே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதை அறிந்து, சில மாதம் பொறுத்து, மரியாதையோடு அதற்கு ஒரு பதிலைக் கொண்டுபோய் வைக்கலாம்.

பிரித்தானியாவில் உயிலெழுதும் சேவை ஒன்றில் நடந்த பரிசோதனை இதற்கு நல்ல சான்று. 2013இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. உயில் எழுத அழைத்தவர்களிடம் ஒன்றும் கேட்காமல் விட்டபோது 100க்கு 5 பேர் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பங்கு எழுதினார்கள். "தொண்டு நிறுவனம் எதற்கும் எழுத விரும்புகிறீர்களா?" என்று கேட்டபோது அது சுமார் 10 ஆனது. "எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் எழுதுகிறார்கள். உங்கள் மனதுக்கு நெருக்கமான விஷயம் ஏதும் உண்டா?" என்று கேட்டபோது 15ஐயும் கொஞ்சம் தாண்டியது. எழுதிய தொகையும் இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரிதாக இருந்தது. கேட்டாலே எழுதுபவர்கள் இரட்டித்தார்கள் என்பது ஒன்று. மற்றது எனக்கு இன்னும் முக்கியம்: மூன்றாவது கேள்வி எங்கள் தேவையைப் பற்றியது அல்ல, அவர்கள் மனதில் கிடப்பதைப் பற்றியது. உவர்மலை விறாந்தையில் நாங்கள் இரண்டையும் கேட்கவில்லை.

பெயர் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது" என்று ஒரு பக்கம் சொல்கிறோம், மறுபக்கம் கோயில் படிக்கல் ஒவ்வொன்றிலும் உபயம் என்று பெயர் வெட்டுகிறோம். இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. கொடையைக் கல்லில் எழுதும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத்துக் கல்வெட்டு கோணேசர் கோயிலுக்கு 250 வேலி (வேலி பழைய நில அளவை) நிலம் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது, நிலத்தின் எல்லைகளையும் சொல்கிறது. நன்கொடை கேட்பவர் இதில் கவனிக்க வேண்டியது அதன் துல்லியம். எவ்வளவு, எங்கிருந்து எங்கே வரை, யாருக்கு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. பெயர்ப்பலகை கொடுத்தவருக்குப் பெருமை என்பது உண்மைதான். அதைவிட, இந்தக் காசு இந்தச் சுவராக நிற்கிறது என்று ஊரார் வாசிக்கக்கூடிய பற்றுச்சீட்டு அது.

நகரத்துக்குள்ளே 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலை இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அந்தப் பெயரைச் சொல்லாமல் திருகோணமலையின் பெண்கல்வி பற்றிப் பேச முடியாது. ஒரு பெயர் நூறு வருஷம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இலச்சினையாகப் போவதை விளம்பரம் என்று யாரும் நினைப்பதில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மண்டபத்துக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் பெயர் தர ஆள் வருகிறது. கழிப்பறைக்கு வருவதில்லை. யார் என்ன சொன்னார்கள், தந்தார்கள் என்று நாங்கள் எழுதிவைக்கும் கொப்பியில் முதல் ஆறு மாதத்தில் வந்த பதில்களைப் பார்த்தால், "நுழைவாயில் வளைவு கட்டுவதாக இருந்தால் சொல்லுங்கோ" என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பெயரைக் கழிப்பறைச் சுவரில் போட ஒருவருக்கும் மனம் வராது, அதில் தப்பும் இல்லை. அதனால் நாங்கள் திட்டத்தை மாற்றிப் பார்த்தோம். குழாய்க் கிணறு, தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் மேடை, கழிப்பறைகள் ஆகிய நான்கையும் ஒரே திட்டமாகச் சேர்த்தோம். பெயர் தொட்டியின் அடித்தூணில் வரும், பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில். கட்டடம் மாறவில்லை, செலவும் மாறவில்லை. தண்ணீர் கொடுப்பது நம்மிடையே என்றைக்கும் புண்ணியம்.

இனி முதல் காசைப் பற்றி. யார் முதலில் கொடுத்தார்கள் என்பது பெரிய கொடையாளியின் மனதில் மிகப் பெரிய கேள்வி. ஜோன் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி இருவரும் புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க நிதி கேட்டு 3000 வீடுகளுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். சிலருக்கு, தேவையான தொகையில் 10 வீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று எழுதினார்கள். சிலருக்கு 67 வீதம் என்று எழுதினார்கள். இரண்டாம் கூட்டத்திடமிருந்து வந்த பணம் முதல் கூட்டத்தினுடையதைப் போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கையில் ஒன்றும் இல்லாதபோது கேட்டால் அதிகம் வரும் என்று நாம் நினைப்போம், நடப்பது தலைகீழ். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் காசு, "இந்த வேலை நடக்கும், நடுவில் நிற்காது, என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் நம்பியிருக்கிறார்கள்" என்ற செய்தியைச் சொல்கிறது.

எங்கள் தேவை மொத்தம் 32 லட்சம் ரூபா. வெளிநாட்டாரிடம் போவதற்கு முன் உள்ளூரில் 8 லட்சம் சேர்ப்பது என்று 2024 தொடக்கத்தில் முடிவெடுத்தோம். பிரதான வீதியில் வன்பொருள் கடை வைத்திருப்பவர் சீமெந்தும் கம்பியும் வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னார், அதைத் தொகையாக எழுதிக்கொண்டோம். திருக்கடலூரில் ஒரு படகுச் சொந்தக்காரர் ஒரு லட்சம் தந்தார். பாடசாலைப் பெற்றோர் கிணற்று வேலைக்குக் கூலியில்லாமல் ஆள் தந்தார்கள். நாங்கள் அந்தப் பட்டியலைக் கணினியில் அழகுபடுத்தவில்லை. கொப்பியின் பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்திருந்தோம், 500 ரூபா கொடுத்த ஒரு அம்மம்மாவின் பெயரும் அதில் இருந்தது. பின்னாளில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் விரலால் பெரிதாக்கி வாசித்தது அந்த வரியைத்தான்.

"நீங்கள் ஒரு ரூபா போட்டால் நாங்கள் ஒரு ரூபா போடுவோம்" என்ற முறையும் வேலை செய்யும். டீன் கார்லனும் லிஸ்ட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி இதைப் பார்த்தது. ஈடு சேர்ப்பதாகச் சொன்னபோது ஒரு கடிதத்துக்கு வந்த பணம் 19 வீதம் கூடியது. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று கூட்டிச் சொன்னதில் மேலதிக பலன் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளின் படங்களைக் காட்டிக் கேட்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆய்வு அதற்குச் சாதகமாக இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லொவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் கையிலிருந்த 5 டொலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள். ஆபிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற எண்களைப் பார்த்தவர்கள் 1.14 கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டியபோதும் 1.43தான். ஒரு முகம் மனதைத் தொடுகிறது, எண்கள் அதை ஆற்றிவிடுகின்றன.

ஆனால் அது 5 டொலர்க் கதை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பிள்ளைகளைப் பையோடும் கொப்பியோடும் வரிசையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதைத் தொடுகிறார்கள். அவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்த ஆசிரியை, இன்றைக்கும் மேடையில் நிற்கக் கூப்பிட்டால் வரமாட்டார். பெரிய கொடை கொடுக்கும் நிலையில் இருப்பவர் அந்நியர் அல்ல. அந்தப் பிள்ளை இருந்த அதே வாங்கில் இருந்து படித்தவர். அழுக்குச் சட்டையோடு ஒரு பிள்ளையின் படத்தை அவருக்கு அனுப்பினால் தன்னையே அப்படிக் காட்டியதாகக் கூசிப்போவார். முகம் வேண்டுமென்றால் இடத்தின் முகத்தைக் காட்டலாம்: உடைந்த கதவு, காய்ந்த குழாய், கிணற்றடி. நாங்கள் அனுப்பிய படங்களில் ஒரு பிள்ளைகூட இல்லை.

அடுத்தது நம்பிக்கை. "என் காசில் எவ்வளவு உண்மையில் போய்ச் சேரும்?" இதை நேரில் கேட்பவர் குறைவு, நினைக்காதவர் இல்லை. யூரி க்னீசியும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஆயிரம் பேருக்குக் கடிதம் போனது. சாதாரணமாகக் கேட்டவர்களிடமிருந்து 8,040 டொலர் வந்தது. ஒரு பெரியவர் முதல் காசு தந்திருக்கிறார் என்று சொன்னபோது 13,220. ஈடு சேர்ப்பார் என்றபோது 12,210. "நிர்வாகச் செலவை அவரே முழுக்க ஏற்றுக்கொண்டார், உங்கள் காசு அப்படியே வேலைக்குப் போகும்" என்றபோது 23,120. இதைப் படித்த பிறகு, எங்கள் சபைக்காரர் ஆறு பேரும் வங்கிக் கட்டணம், கணக்காளர் கூலி, பெற்றோல் மூன்றையும் எங்களுக்குள் பகிர்ந்துகொண்டோம். அதை முதல் வரியிலேயே எழுதினோம்.

ஆனாலும் இந்த மனப்போக்கு எனக்குக் கவலை தருகிறது. கல்லும் சீமெந்தும் மட்டும் கொடை, மனிதரின் உழைப்புக்குக் கொடுப்பது வீண் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. எங்கள் மாவட்டத்தில் கட்டிமுடித்துப் பூட்டுப் போட்டிருக்கும் கணினி அறைகள் எத்தனை! திறந்து வைக்க ஆள் இருக்கிறது, தினமும் திறக்க ஆளுக்குச் சம்பளம் இல்லை. பராமரிப்புக்கு ஐந்து வருஷக் காசையும் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்த்து, "இது தொகுதியைத் துப்புரவாக வைக்கும் அம்மாவின் கூலி" என்று வெளிப்படையாகச் சொன்னால் கொடையாளர் விளங்கிக்கொள்கிறார்கள். மறைத்து வைத்தால்தான் சந்தேகம் வருகிறது.

2022இல் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டில் இருப்பவர் மனதில், "இப்போ நான் அனுப்பும் அதே டொலர் அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்ற கணக்கு. இங்கே சீமெந்தும் கம்பியும் அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தன. பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு கேட்ட பல சபைகள் பாதிச் சுவரோடு நின்றன. அதன் பிறகு நாங்கள் இரண்டு நாணயத்திலும் தொகையைச் சொல்லி, எந்தத் திகதி விலை என்பதையும் எழுதுகிறோம்.

கேட்கும் வசனத்துக்கு வருவோம். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கோ" என்பதுதான் நம்மூரில் வழக்கமான வசனம். பணிவாகத் தெரிகிறது, கேட்பவருக்கும் சுகம். கொடுப்பவருக்குச் சுமை. எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள், குறைத்துக் கொடுத்தால் கேவலமா, கூட்டிக் கொடுத்தால் ஏமாளியா என்று அவர்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு சதமும் உதவும்" என்ற வகை வசனத்தை ரொபர்ட் சியால்டினி 1976இல் வெளிவந்த ஆய்வில் சோதித்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டபோது அந்த ஒரு வசனத்தால் கொடுத்தவர்கள் 29 வீதத்திலிருந்து 50 வீதமாகக் கூடினார்கள். தெருச் சேகரிப்புக்கு அது அருமையான வசனம். பெரிய கொடைக்கு அதைச் சொன்னால், 25 லட்சம் தரக்கூடியவர் 25 ஆயிரம் தந்துவிட்டு நிம்மதியாகப் போவார், நாமே அதற்கு வழி காட்டிவிட்டோம்.

முதலில் தர முடியாத தொகையைக் கேட்டு, அவர் மறுத்ததும் உண்மையான தொகைக்கு இறங்குவது இன்னொரு உத்தி. அதுவும் சியால்டினி ஆராய்ந்தது, அந்நியரிடம் பலிக்கும். எங்கள் ஊரில் செய்யாதீர்கள். ஒருவரிடம் 50 என்று கேட்டு 25க்கு இறங்கிய கதை மறுநாள் வட்ஸ்அப்பில் லண்டன் போய் மெல்பேர்ன் வழியாகத் திரும்பி வரும். அந்தச் சபையின் மதிப்பீட்டுப் பத்திரத்தை அதன் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள நண்பர்களிடம் இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வசதியுள்ள முஸ்லிம்களுக்கு ஸக்காத் என்ற கொடை, சேமிப்பில் 40இல் ஒரு பங்கு, அதாவது இரண்டரை வீதம், கடமை. கொடுப்பதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை, யாருக்கு என்பதுதான் கேள்வி. அதனால் அங்கே கேட்பவரின் குரலில் கெஞ்சல் குறைவு. கிண்ணியா நண்பர் ஒருவர் சொன்னார்: "நான் அவருக்கிட்ட சல்லி கேக்கல்ல, அவர் ஏற்கெனவே ஒதுக்கி வெச்சதுக்கு இடம் காட்டுறன்." எங்கள் பக்கத்தில் அப்படி ஒதுக்கிவைத்த பங்கு இல்லாததால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கொடுத்த பிறகு நன்றி சொல்வது பற்றி ஒரு ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அன்யா சமெக், சக் லோங்ஃபீல்ட் இருவரும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களை வைத்துச் செய்தது, 2023இல் வெளிவந்தது. நன்றி சொல்லித் தொலைபேசி எடுத்தால் மறுவருஷம் நிறையப் பேர் திரும்பக் கொடுப்பார்கள் என்று துறை நிபுணர்கள் உறுதியாக நம்பினார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. நன்றி சொல்லத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, அது மனிதப் பண்பு. ஆனால் பெரிய கொடையாளர் காத்திருப்பது நன்றிக்கு அல்ல என்றே எனக்குப் படுகிறது. கிணறு எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, மேசனுக்கு எவ்வளவு போனது, மாரிக்கு முன் கூரை போட்டாயிற்றா? பொன்னாடையைவிட அந்த மூன்று வரிச் செய்தி அவர்களைச் சேர்த்து வைத்திருக்கும்.

2024 ஓகஸ்டில் அந்த ரொறன்ரோக் குடும்பம் திரும்ப வந்தது. இந்த முறை முதல் நாளே தொலைபேசி எடுத்து, "மாமா, பாடசாலைத் திட்டம் ஒன்றுக்கு உதவி கேட்க வரவேணும். அன்ரியும் இருந்தால் நல்லது. அரை மணித்தியாலம் போதும்" என்றேன். என்ன விஷயம் என்று தெரிந்து வரச் சொன்னால், மறுக்க விரும்புபவர் மறுக்கலாம். அவர் வாங்கோ என்றார்.

அதே விறாந்தை, அதே கதிரைகள். அன்ரி தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னோம். அதிபர் சேர் கொப்பிப் படத்தையும் உடைந்த கதவின் படத்தையும் காட்டினார். நான் சொன்னேன்: "உள்ளூரில் 8 லட்சம் சேர்ந்திட்டு. இன்னும் 24 லட்சம் ரூபா வேணும், கிட்டத்தட்ட 11 ஆயிரம் கனேடிய டொலர். அதை நீங்கள் இரண்டு பேரும் தரமுடியுமா என்று கேட்கத்தான் வந்தோம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "அவசரமில்லை", "குறைச்சாலும் பரவாயில்லை" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். அப்படிச் சொன்னால் அவர் யோசித்துக்கொண்டிருப்பதைக் கலைத்துவிடுவோம். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. மாமா அன்ரியைப் பார்த்தார்.

அன்ரி கேட்டது தொகையைப் பற்றி அல்ல. "இது எந்தப் பள்ளிக்கூடம்? ஆலமரத்துக்குக் கிட்ட இருக்கிறதா?" என்றார். ஆம் என்றோம். அவர் எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாராம். எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் ஒன்றேகால் மணித்தியாலம் அந்த வீட்டில் இருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை நாங்கள் கேட்டதில்லை.

"அப்பவும் கதவுக்குக் கொண்டி இல்லை தம்பி. ஒராள் உள்ளுக்குப் போனா மற்றாள் வெளியில நிண்டு கதவைப் பிடிக்க வேணும். எனக்குப் பிடிச்சவள் இப்ப இல்லை." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வரைபடத்தை மடியில் விரித்து, கதவு இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். கொண்டி உள்பக்கம் எந்த உயரத்தில் வரும் என்று கேட்டார். மேசன் வழக்கமாக வைக்கும் உயரம் என்றேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது, இரண்டு கொண்டி வைக்க வேண்டும், ஒன்று கீழே என்றார்.

காசு மூன்று வாரத்தில் வந்தது, அன்ரியின் கணக்கிலிருந்து. ஆறு கதவு, பன்னிரண்டு கொண்டி. கீழ்க் கொண்டிகள் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கின்றன.